உல்லாசப் படகில் ஒரு இரும்புக் கால்

என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் வைத்துவிடுவதாகச் சொன்னார்கள். துபாயில் வந்து இறங்கிய அன்றைக்கே, நான் பெட்டியைக்கூடத் திறக்காத நேரத்தில். "நீங்க ஏன்க்கா கஷ்டப்படணும்? ரெண்டு பசங்ககிட்ட சொல்றேன், அப்படியே அலாக்காத் தூக்கி வச்சிடுவாங்க" என்றார் ஜபருல்லா பாய். ரொம்ப நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் எப்போதும் என்னைத் தூக்க வருகிறார்கள்.

"நான் என்ன உற்சவரா பாய், தூக்கிட்டுப் போக? நடந்து வந்தேன், நடந்துதான் ஏறுவேன்" என்றேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் போய்விட்டது. தொடையிலிருந்து பாதம்வரை கேலிப்பர் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, நடுநடுவே தோல் பட்டை, முழங்காலில் ஒரு பூட்டு, அடியில் பூட்ஸ். கம்பியையும் பூட்ஸையும் பிரிக்க முடியாது, ஒன்றாகச் சேர்த்து அடித்தது. கையில் ஒரு தடி. இதோடுதான் தினமும் ஸ்ரீரங்கத்தில் பஸ் பிடித்து, காவிரியைத் தாண்டி, தென்னூரில் இருக்கும் என் பட்டறைக்குப் போகிறேன். சோபா, மெத்தை, ஆம்னி பஸ் சீட், கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை நாற்காலி என்று உட்காருகிற எதையும் தைத்துக் கொடுப்போம். பாய்க்குச் சொந்த ஊர் பாலக்கரை. துபாயில் சொகுசுப் படகுகளை வாடகைக்கு விடுகிறார். ஐரோப்பாக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு மோட்டார் யாட் வாங்கியிருந்தார். அதன் இருக்கைகள் முழுவதையும் புதிதாகத் தைக்க வேண்டும், அதைக் கோமதிக்காதான் செய்ய வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

வேலையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இன்னொருவர் எடுத்த அளவுக்கு நான் கத்தரிக்கோல் வைக்க மாட்டேன். பழுப்புக் காகிதத்தை இருக்கையின் மேலேயே விரித்து, விளிம்பை விரலால் தடவி, வளைவில் மடித்து, அங்கேயே வெட்டி எடுப்பேன். தொட்டுப் பார்க்காத இருக்கைக்குத் தைப்பதில்லை. இதைச் சொன்னதும் பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "ஏற முடியலைன்னா சங்கடப்படாதீங்கக்கா. ஷார்ஜாவுல ஒரு ஆள் இருக்கான். அவன் அளவு எடுக்கட்டும். நீங்க ஊர்ல உக்காந்து நிம்மதியாத் தைங்க."

அதாவது, நான் படகில் ஏறாவிட்டால் வேலை அவன் கைக்குப் போகும். நான் அவனுக்கு அடியில் தையல்காரி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. மனிதர் நல்லதாகத்தான் நினைத்துச் சொன்னார் என்பதில் எரிச்சல் இன்னும் கூடிவிட்டது.

அன்று மதியம் கராமாவில் ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப் போனார். சாம்பாரில் வெல்லம் தூக்கலாக இருந்தது. ரசம் நன்றாக இருந்தது என்று சொன்னதும் கடைக்காரர் கேட்காமலேயே இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். அடுத்த மேசையில் ஒரு பையனைப் பார்த்து ஒருவர், "வந்த புதுசுல எல்லாரும் அழுவோம், அப்புறம் ஏசி பழகிடும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை பாய்க்கு வேறு ஜோலி இருந்தது. நானே டாக்ஸி பிடித்தேன். ஓட்டுநர் பெஷாவர்க்காரர். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "படகு நிற்கிற இடம்" என்று சொன்னேன். அவர் சந்தேகமே இல்லாமல் ஊருக்குள் ஓடும் கழிமுகத்துக் கரையில், அப்ரா என்கிற மரப்படகுகள் நிற்கும் துறையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். இங்கே சொகுசுக்கும் யாட்டுக்கும் என்ன வேலை? பெட்டியில் காகிதச் சுருளும் துணி மாதிரிகளும் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன். அக்கரைக்குப் போனால் அங்கிருந்து வேறு டாக்ஸி சுலபம் என்று ஒருவர் சொன்னார்.

அப்ரா என்பது மேலே ஒரு கூரை, நடுவே முதுகோடு முதுகாக ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். பக்கத்தில் தடுப்புகூடக் கிடையாது. ஓட்டுகிறவர் பங்களாதேஷ்காரர். என் காலைப் பார்த்தார், கையை நீட்டினார், நீட்டியபடியே நின்றார். அவராக என்னைப் பிடிக்கவில்லை. நான்தான் அவர் கையைப் பிடித்தேன், தடியை ஊன்றினேன், ஏறினேன். உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். பூட்ஸைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீசல் வாடையும் உப்புக் காற்றுமாக அக்கரை வந்து சேர்ந்தது. இருபது பேரை ஏற்றுகிற ஒரு பலகைப் படகுக்குத் தெரிந்த மரியாதை கோடீஸ்வரப் படகுக்குத் தெரியுமா என்று அப்போதே ஒரு கறுவல் எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

யாட்டுகள் நிற்கும் துறைக்கு வந்து சேர்ந்தபோது பாய் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். வரிசையாக வெள்ளை வெளேரென்று படகுகள். எல்லாவற்றுக்கும் முகத்தில் கறுப்புக் கண்ணாடி. பாயுடைய படகு பக்கவாட்டில் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி இருந்தது. பின்புறத்தை மிதவை மேடைக்குக் காட்டி நின்றது. பின்னால் இருந்து ஒரு ஏறு பலகை நீண்டிருந்தது. அது மேடையைத் தொடும் இடத்தில் ஒரு பிரம்புக் கூடை. கூடையில் செருப்புகள்.

கேப்டன் குரோஷியா நாட்டுக்காரர். சாந்தமான முகம், கண்டிப்பான வாய். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இது: "மன்னிக்க வேண்டும் மேடம். தளம் முழுக்கத் தேக்கு. காலணியோடு யாரும் ஏறக் கூடாது. முதலாளி உட்பட." பாய் வெறுங்காலோடு நின்றுகொண்டு ஆமாம் என்று தலையாட்டினார்.

"இது காலணி இல்ல, என் கால்" என்றேன்.

"புரிகிறது. ஆனால் அடியில் மணல் இருக்கும். மணல் மரத்தைக் கீறும்."

நியாயமான காரணம். அநியாயக்காரனோடு சண்டை போடுவது சுலபம், நியாயம் பேசுகிறவனோடுதான் கஷ்டம். ஊரில் கோயிலுக்குப் போவதற்கென்றே நான் தனி கேலிப்பர் வைத்திருக்கிறேன். அதன் பூட்ஸ் தெருவையே பார்த்ததில்லை. பையில் எடுத்துப் போய் வாசலில் மாற்றிக்கொள்வேன். ஒருகாலத்தில் வாசலில் கழற்றிவிட்டுக் கையால் தவழ்ந்து போனேன். ஒருநாள் இனி தவழ்வதில்லை என்று முடிவு செய்தேன், அதன்பின் தவழவில்லை. ஆனால் துபாயில் ஒரு படகுக்கும் அதே ஆசாரம் உண்டு என்று எந்தப் புண்ணியவான் எனக்குச் சொன்னான்?

பாய் மறுபடி ஆரம்பித்தார். "அதைக் கழட்டிடுங்கக்கா. பசங்க..."

"பசங்க பேச்சை எடுத்தீங்கன்னா நான் நேரா ஏர்போர்ட் போயிடுவேன்."

மேடையில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்து துணி மாதிரிகளைக் கொட்டினேன். வழுக்காத ரப்பர் அடி கொண்ட ஒரு சாம்பல் நிறத் துண்டு இருந்தது, படகு மெத்தை நகராமல் இருக்க அடியில் போடுவது. பூட்ஸ் அடியைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து, அந்தத் துண்டை அதன்மேல் சுற்றி, வளைந்த ஊசியால் தைத்தேன். படகில் வேலை செய்யும் மரியா என்ற பிலிப்பைன்ஸ் பெண் இறங்கிவந்து, கேட்காமலேயே நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கள் அறையில் மெத்தை கால்பக்கம் குறுகிப் போகும். இரண்டு காலையும் ஒன்றாக வைத்துத்தான் தூங்க முடியும்" என்று மெல்லச் சொன்னாள். அந்த மெத்தையையும் பார்த்துவிடுகிறேன் என்றேன்.

தைத்து முடித்த பூட்ஸைக் கேப்டனிடம் காட்டினேன். அவர் குனிந்து, விரலால் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். உறை போட்ட காலோடு எழுந்து நின்றேன்.

அடுத்த தலைவலி அந்த ஏறு பலகை. ஒல்லியாக, நடுவில் மிதித்தால் துள்ளுகிற பலகை. கைப்பிடி என்று ஒரு பக்கம் மட்டும் கயிறு. பிடித்தால் கயிறும் கூடவே வந்தது. இதை வடிவமைத்தவருக்கு ஒருநாளும் முழங்கால் வலித்திருக்காது. ஆனால் பலகைக்கு அடியில், தண்ணீரை ஒட்டி, அகலமாக இன்னொரு தளம் இருந்ததைக் கவனித்தேன். அதன்மேல் தண்ணீரில் ஓட்டுகிற ஸ்கூட்டர் ஒன்று.

"அது எதுக்கு?" என்றேன்.

பின்தளம் என்றார் கேப்டன். பட்டனைத் தட்டினால் ஏறி இறங்குமாம். ஸ்கூட்டரைத் தண்ணீரில் இறக்குவதற்கு. விருந்தாளிகள் ஏறும் வழி அது அல்லவாம்.

"ஸ்கூட்டருக்கு அவ்வளவு அகலத்துல வழி, மனுஷிக்கு இந்தத் துள்ளுற பலகையா?"

பாய் தயங்கித் தயங்கி இதை மொழிபெயர்த்தார். மரியா சிரித்துவிட்டாள். கேப்டன் பாக்கெட்டிலிருந்து ரிமோட்டை எடுத்து அழுத்தினார். தளம் மெல்ல எழும்பி மேடையின் மட்டத்துக்கு வந்து நின்றது. தடியை ஊன்றி ஒரு எட்டு வைத்தேன். படகில் இருந்தேன். அங்கிருந்து மேலே போகப் படிகளும், நல்ல கெட்டியான ஸ்டீல் கைப்பிடியும் இருந்தன.

ஒன்று சொல்ல வேண்டும், உள்ளே கண்ணைப் பறிக்கிற அழகு. குறை சொல்லவே வந்த நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஓர் இடத்திலும் நேர்கோடு இல்லை. மேசை தரையிலிருந்து முளைத்தது. டிவி அலமாரிக்குள் இருந்து தலை நீட்டியது. பிரிட்ஜ் எது, துணி அலமாரி எது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். மேசை விளிம்பில் தட்டு சரியாமலிருக்கச் சின்னத் தடுப்பு, ஆட்டத்தில் திறக்காத இழுப்பறைகள், சோபாவுக்கு அடியில் உயிர்காக்கும் சட்டைகள் எல்லாம் யோசித்துச் செய்தவை. படகின் வயிற்றில் சுழலும் சக்கரம் ஒன்று ஆட்டத்தை அடக்குமாம். கேப்டன் அதைப் பெற்ற பிள்ளையைப் போல அறிமுகம் செய்தார்.

ஆனால் அறைக்கு அறை ஒரு படி. இங்கே ஒன்று ஏறு, அங்கே இரண்டு இறங்கு. எல்லாம் ஒரே மர நிறம், படி இருப்பதே தெரியாது. சோபா அவ்வளவு தாழ்வு, உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். கட்டில் அறைக்கு நடுவில் தீவு மாதிரி. விரிப்பு மாற்ற மரியா அதன்மேல் முட்டிபோட்டு ஊர வேண்டும். சமைக்கிற இடத்தில் காற்றே இல்லை. முன்மூக்கில் இருந்த மரியாவின் அறையையும் பார்த்தேன். பார்க்க வருகிறவன் கண்ணுக்காகக் கட்டியிருக்கிறார்கள், அதிலேயே புழங்குகிறவர்களை யாரும் நினைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, சொல்லவும் சொன்னேன். பாய், "எல்லா யாட்டும் இப்படித்தான்க்கா" என்றார். எல்லாரும் செய்கிற தப்பு என்றால் சரியாகிவிடுமா?

மேல்தளத்துக்குப் போகும் படி சுவரில் சாத்திய ஏணி மாதிரி நின்றது. இருக்கைகளில் பாதி மேலேதான். கேலிப்பர் பூட்டைத் திறந்து, முதல் படியில் திரும்பி உட்கார்ந்தேன். இரண்டு கையையும் அடுத்த படியில் ஊன்றி, உடம்பை எக்கி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே ஏறினேன். கீழே பாய் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அக்கா, பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு. வேணாம்."

"பாக்க சங்கடமா இருந்தா கடலைப் பாருங்க பாய். ஏறுறது நான்."

மேலே வளைந்த வளைந்த வெள்ளைத் தோல் இருக்கைகள். எல்லாவற்றையும் இதே வெள்ளையில் தைக்க வேண்டும் என்பது பாயின் ஆசை. காகிதத்தைச் சுருள் பிரித்தேன். இந்த இடத்தில்தான் காரியத்தைக் கெடுத்தேன். எந்த வேலை என்றாலும் முதல் காகிதத்தின் மூலையில் மஞ்சள் குங்குமம் வைக்காமல் எங்கள் பட்டறையில் கத்தரிக்கோல் எடுப்பதில்லை. பர்ஸில் எப்போதும் பொட்டலம் இருக்கும். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்துவிட்டு, காகிதத்தை இருக்கையின் தலைப்பக்கத்தில் அழுத்தி வெட்டினேன். கடல்காற்றில் காகிதம் நனைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. எடுத்தபோது, வெள்ளைத் தோலில், யாரோ நெற்றியை வைத்து அழுத்தியது போல மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொட்டு.

துடைத்தேன், பரவியது. கேப்டன் மேலே வந்தவர் அதைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை கல்யாணப் பார்ட்டி ஏறுகிறது" என்று மட்டும் சொன்னார். பாய் முகம் செத்துப்போயிற்று. "இன்னிக்குப் போதும்க்கா. நான் ஷார்ஜா ஆளுகிட்ட பேசிடறேன்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பாழாய்ப் போன தப்பு என்னுடையது. வந்த வழியே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். மிதவை மேடைக்கு வந்தபின், பாய் மறுநாள் வரச் சொல்லாவிட்டாலும் சொன்னதாகவே நினைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல வர்றேன். அதை மூடி வைக்காதீங்க, நல்லா வெயில் படட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் யாரும் அழைக்காமல் போய், மேடையிலேயே பூட்ஸுக்கு உறையை மறுபடி தைத்துக்கொண்டு நின்றேன். ஆட்டத்தை அடக்கும் சக்கரத்தைச் சோதிக்கப் படகைக் கடலுக்குள் எடுத்துப் போக எல்லாரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் என்னைப் பார்த்ததும் பின்தளத்தை மட்டத்துக்கு உயர்த்தினார். மேலே போய்ப் பார்த்தோம். முந்தின நாள் வெயில் மஞ்சளை எடுத்துவிட்டிருந்தது. குங்குமச் சிவப்பு லேசாக மிச்சம் இருந்தது. அது போகாது என்று எனக்கும் தெரியும்.

"தப்பு என்னோடதுதான் பாய்" என்றேன். "அந்தத் தலைப்பக்கம் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள இங்கயே தச்சுக் குடுத்துட்டுப் போறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் வச்சது ஒரு பொட்டு. உங்க கல்யாணப் பார்ட்டி மருதாணிக் கையோட வரும், பிரியாணியோட வரும், குழந்தைங்க மாம்பழத்தோட வரும். அப்ப யாரை இறக்கி விடுவீங்க?"

"வெள்ளைக்காரன் வெள்ளைதானேக்கா வச்சிருந்தான்."

"அவன் வீட்டுல குழம்பு இல்ல பாய்."

பாய் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். மணல் நிறத் துணி மாதிரியை இருக்கையில் விரித்து, அவர் கையாலேயே மதியத்துக்கு வைத்திருந்த மீன் குழம்பைச் சொட்டவிட்டுத் துடைக்கச் சொன்னேன். துடைத்தார். இரண்டாவது முறை துடைத்ததும் கறை இருந்த இடமே தெரியவில்லை. "சரி, இன்ஷா அல்லாஹ், இதுலயே தச்சிடுங்க" என்றார். மரியாவின் மெத்தையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். கீழே சுவரிலிருந்து ஒரு பலகையை எடுத்தால் கால்பக்கம் அகலமாகும் என்று கேப்டனே சொன்னார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

கரை கண்ணுக்குக் கோடாகத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டார்கள். எல்லா இருக்கைக்கும் காகிதம் வெட்டியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. பின்தளத்தில் படுத்து வெயில் காய நீள மெத்தை வேண்டுமாம். தளம் தண்ணீருக்குள் இறங்கும்போது தண்ணீர் எதுவரை வரும், மெத்தை மிதந்து போகாமல் எங்கே கட்ட வேண்டும் என்று பார்த்தால்தான் அதை வெட்ட முடியும்.

"இது மட்டும் ஷார்ஜா ஆள் பாத்துக்கட்டும்" என்றார் பாய். "தண்ணிக்குள்ள இறங்கற வேலை. உங்களால ஆகாதுக்கா."

"நான் வீடியோ எடுத்து அனுப்புகிறேன்" என்றார் கேப்டன்.

"நான் உக்காந்து பாக்கறேன்" என்றேன்.

கேலிப்பரைக் கழற்றினேன். யாரும் சொல்லி அல்ல, நானாக. உறை போட்ட பூட்ஸோடு அதைக் காய்ந்த படியில் சாத்திவைத்துவிட்டு, சுடிதாரோடு, ஸ்கூட்டரை எடுத்துவிட்ட பின்தளத்தின் நடுவில் உட்கார்ந்து, ஸ்டீல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீச்சல் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். உயிர்காக்கும் சட்டையைக் கொண்டுவந்து மாட்டினாள். அதற்கு மட்டும் நான் தகராறு செய்யவில்லை. பயமாகத்தான் இருந்தது. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

கேப்டன் பட்டனை அழுத்தினார். தளம் மெதுவாக இறங்கியது. முதலில் குதிகால் நனைந்தது, பிறகு தொடை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இடுப்புவரை வந்தபோது, மெத்தையை எங்கே கட்ட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. கண்ணால் குறித்துக்கொண்டேன். என் வேலை முடிந்தது.

அப்போது என் இடது கால் எழும்பியது. இத்தனை வருஷமாக இரும்பு கட்டி, பட்டை கட்டி, இடுப்பால் இழுத்து, கையால் எடுத்து வைத்து நான் சுமந்த கால். ஒருநாளும் எனக்காக ஒரு விரலைக்கூடத் தூக்காத கால். யாரும் தொடாமல், நானும் தொடாமல், தானாக மேலே வந்து தண்ணீர்மட்டத்தில் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். மரியா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மேலே இருந்து பாய் எட்டிப் பார்த்தார். "அளவு கிடைச்சிடுச்சாக்கா? மேல ஏத்தச் சொல்லட்டுமா?"

கேப்டன் விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இல்ல பாய்" என்றேன். "இன்னும் இறக்கச் சொல்லுங்க."